கித்துல்கந்தைக் கோயிலில் ஒரு துரோகியின் மெட்டு

கிளறன்ஸ் ஒரு துரோகியின் ரசிகர். கித்துல்கந்தைக் கோயில் பங்கில் இது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவும் அவர் துணிந்ததில்லை.

கித்துல்கந்தை என்பது அம்பிட்டியவுக்கு மேலே, பஸ்கள் மூச்சு வாங்கி ஏறும் ஒரு மலைத்திருப்பம். அங்கே சின்னதாக ஒரு கத்தோலிக்கக் கோயில். பாதுகாவலர் புனித இராயப்பர். அவருடைய சுரூபத்தின் கையில் மோட்சத்தின் திறவுகோல். காலடியில் ஒரு சேவல். தன் ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன இரவில், அந்த ஆளைத் தெரியவே தெரியாது என்று மூன்று தரம் கையை விரித்தவர் இராயப்பர். மூன்றாம் தரம் சொல்லி வாயை மூடுமுன் சேவல் கூவிவிட்டது. அப்படிப்பட்டவர் கையில்தான் மோட்சத்தின் சாவி. இதிலுள்ள சிக்கலைப் பங்கு மக்கள் பெரிதாக யோசித்ததில்லை. சேவலின் அலகு ஒரு வருடம் பவனியில் உடைந்தது. திருநாளன்று பூமாலைகள் அதை முழுதாக மூடிவிடும் என்பதால் யாரும் திருத்தவும் இல்லை.

இந்தக் கோயிலில் கீபோர்ட் வாத்தியம் வாசிப்பவர் கிளறன்ஸ். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, இறங்கி வந்து, பிலிமத்தலாவையில் ஒரு பெயின்ட் கடையில் கணக்கு எழுதுபவர். கடை முதலாளி இத்தனை வருடமாக அவரை லோரன்ஸ் என்றே கூப்பிடுகிறார். கிளறன்ஸ் முதலில் திருத்தினார், பிறகு லோரன்ஸாகவே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். அந்தக் கடையில் அவர் சத்தம் போட்டுக் கேட்டாலும் தேத்தண்ணி வராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த வாத்தியத்துக்கு முன்னால், ஒரு கால் ஆடும் கதிரையில் உட்கார்ந்து அவர் ஒரு சுரத்தைத் தொட்டால் முழுப் பங்கும் எழும்பி நிற்கும். இன்னொன்றைத் தொட்டால் முழங்காலிடும். பிரசங்கம் நீண்டுகொண்டே போகும்போது சும்மா இருமுவதுபோல ஒரு கட்டையைத் தொட்டால் பாதரே சுருக்கிக்கொள்வார். உலகத்தில் கிளறன்ஸுக்கு என்று இருந்த ஆட்சி அந்தக் கதிரையின் அளவுதான். அதை இழந்தால் மிச்சம் லோரன்ஸ்.

அந்தக் கதிரைக்கு ஆபத்து டொரதி டீச்சரின் கழுத்தில் தொங்கியது. அவர் பாடகர் குழுவின் தலைவி. நீல நாடாவில் மாதா பதக்கத்தோடு சேர்த்து ஒரு பென் டிரைவையும் கோத்திருந்தார். அதற்குள் திருப்பலிப் பாடல்கள் எல்லாம் முழு வாத்தியத்தோடு பதிந்து கிடந்தன. கொழும்பில் இருக்கும் அவருடைய மருமகன் செய்து கொடுத்தது.

"பென் டிரைவுக்குச் சளி புடிக்காது, கிளறன்ஸ். கடையில லீவும் கேக்கத் தேவையில்ல" என்று அடிக்கடி சொல்வார். அன்பாகத்தான் சொல்வார். அதுதான் பயம்.

இனித் துரோகி. அவன் பெயர் யாழ்வாள் நிகரன். 'ஏழாம் நரம்பு' என்ற தொடரின் நாயகன். கற்பனை நாடு, கற்பனைப் போர், குதிரைகளில் பாதிக்குக் கொம்பு. எந்தத் தேசத்தில் எடுத்தார்களோ, தமிழில் பேசவைத்து போனுக்குப் போன் பரவிக்கொண்டிருந்தது. நிகரன் யாழ் வாசிப்பான். யாழின் தண்டுக்குள் வாள் இருக்கும். அவன் வாசிக்கும் உறக்கப்பண்ணைக் கேட்டவர்கள் எல்லாரும் தூங்கிப்போவார்கள்.

அவன் காவல் காத்த கோட்டை முற்றுகையில் கிடக்கிறது. உள்ளே பசி. கதவைத் திறந்துவிட்டால் பிள்ளைகளை உயிரோடு போகவிடுகிறோம் என்று எதிரி இரகசியமாக ஆள் அனுப்புகிறான். நிகரன் கதவடியில் உட்கார்ந்து உறக்கப்பண் வாசிக்கிறான். காவலர்கள் எல்லாரும் அவனுடைய சிநேகிதர்கள், ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். ஒவ்வொருவனுடைய தலைக்கவசத்தையும் கழற்றி, போர்வையை மடித்துத் தலைக்குக் கீழே வைக்கிறான். பிறகு கதவைத் திறக்கிறான். பிள்ளைகள் வெளியே போகிறார்கள். எதிரிப் படை உள்ளே வருகிறது. காவலர்களில் ஒருவனும் விழிக்கவில்லை. அதற்குப் பிறகு வருடா வருடம் நிகரன் அவர்களுடைய கல்லறைகளுக்கு முன்னால் உட்கார்ந்து அதே பண்ணை வாசிக்கிறான்.

அந்தப் போர்வைதான் கிளறன்ஸின் முழு வழக்கும். காட்டிக்கொடுக்க வந்தவன் எதற்குத் தலைக்குப் போர்வை வைக்கிறான்? கெட்டவன் என்றால் வைக்கமாட்டான். நல்லவன் என்றால் கதவைத் திறக்கமாட்டான். அப்படியானால் அவன் யார்? பிலிமத்தலாவை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, மற்றவர்கள் கடனையும் கல்யாணத்தையும் யோசிக்கும் நேரத்தில், கிளறன்ஸ் இதைத்தான் யோசித்தார். உலகத்தில் தீராத கேள்விகளின் வரிசையில் இது எங்கோ முன்பக்கம் நிற்கிறது என்பது அவருடைய துணிபு.

எதிர்த்தரப்பு வக்கீல் அம்பிட்டியச் சந்தியில் இருந்தார். ஸிபான், போன் திருத்தும் கடைக்காரர். கிளறன்ஸின் போன் கண்ணாடி உடைந்த நாளில் தொடரை அறிமுகப்படுத்தியவரும் அவரே. அன்று தொடங்கிய சண்டை ஓயவில்லை.

"புள்ளைங்க தப்பிச்சாங்களா இல்லியா? அத மட்டும் சொல்லு" என்பார் கிளறன்ஸ்.

"தப்பினாங்க. நான் இல்லண்டு செல்லல்ல. ஆனா அந்தக் காவக்காரன்மார்ட்ட ஒரு சொல்லுச் செல்லியிருக்கணுமா இல்லையா? 'மச்சான்மாரே, நான் இப்பிடி ஒரு வேல பாக்கப் போறேன், ஏலுமெண்டா ஓடுங்க'ண்டு?"

"சொல்லியிருந்தா அவனையில்ல வெட்டியிருப்பாங்க!"

"வெட்டினா மௌத்தாகட்டும். அதுதான் ஆம்புள. இவன் தலாணி வெச்சுக் கழுத்தக் குடுத்தவன்."

இவ்வளவு பேசும் ஸிபானின் போன் மணி எது என்றால், அதே உறக்கப்பண். கேட்டால், "மெட்டு என்னடாப்பா பாவம் செஞ்ச? மெட்டு நல்ல மெட்டு. ஆள்தான் சரியில்ல" என்பார்.

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் வந்தது. அன்று பூசை வைத்தவர் வயதான ஒரு விருந்தாளிப் பாதர். நன்மை அப்பம் கொடுத்து முடிந்ததும் கிண்ணத்தைத் துடைத்தார். துடைத்ததைத் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் துடைத்தார். கோயிலில் செருமல்கள் எழும்பின. அவற்றில் ஒன்று டொரதி டீச்சருடையது. இடைவெளியை நிரப்பு என்று அதற்கு அர்த்தம். கிளறன்ஸின் விரல்கள் அவரைக் கேட்காமலே நிரப்பின.

பாதி மெட்டில்தான் என்ன வாசிக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்பார்கள். பயத்தோடு திரும்பிப் பார்த்தார். நற்செய்தி வாசகத்திலிருந்து அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை தூங்கிவிட்டது. முன்வரிசையில் கலாராணி அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். கடைசி வாங்குப் பலகையில் ஆண்கள் வரிசையாகத் தலை சாய்ந்திருந்தார்கள். அவர்கள் பிரசங்கத்திலேயே சாய்ந்தவர்களாகவும் இருக்கலாம். அந்தக் கணத்தில் ஓர் எதிரிப் படை மலையேறி வந்து கோயில் கதவைத் தள்ளியிருந்தால் தடுக்க ஆளில்லை.

பூசை முடிந்ததும் டொரதி டீச்சர் நேரே வாத்தியத்தடிக்கு வந்தார்.

"கிளறன்ஸ், அது என்ன பாட்டு?"

"எது டீச்சர்?"

"எதுன்னு கேக்காதீங்க. எனக்கே தொண்ட அடைச்சுப் போச்சு."

டொரதி டீச்சருக்குத் தொண்டை அடைத்ததாக வரலாறே இல்லை. கிளறன்ஸ் அவருடைய கழுத்து நாடாவைப் பார்த்தார். பென் டிரைவ் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"பழசு டீச்சர். தெல்தோட்டப் பக்கம், தோட்டத்துக் கோயில்ல சின்ன வயசில கேட்டது."

"யாரு போட்ட மெட்டு?"

"யாரு போட்டாங்களோ... தெரியாது டீச்சர்."

இதைப் பங்குத்தந்தை பாதர் றொமேஷ் கேட்டுக்கொண்டே வந்தார். இளம் பாதர்; பழமையில் பேராசை உள்ளவர். பக்கத்துப் பங்கொன்றில் போர்த்துக்கேயர் காலத்து மணி. இன்னொன்றில் வெள்ளத்தில் மிதந்து வந்த சுரூபம். கித்துல்கந்தையில் ஆகப் பழையது பின்பக்கத்துத் தண்ணீர்த் தாங்கி.

"தோட்டத்து ஜனங்களோட பழைய கீதம்!" என்று பாதர் கிளறன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "திருநாளுக்கு ஆயர் ஆண்டகை வர்றார். பவனியில இதத்தான் பாடணும். டீச்சர், வார்த்தை எழுதிருவீங்களா?"

டீச்சர் ஒரே மாலையில் எழுதிவிட்டார்.

இராயப்பரே, திறவுகோல் ஏந்தி வாரும்,
திறவாத கதவெல்லாம் திறந்து தாரும்.

அந்த மெட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக நிகரனே எழுதியிருக்க முடியாது. பயிற்சியில் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறக்கச் சொல்லிப் பாடியபோது கிளறன்ஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பாடகர் குழுவில் இளசுகள் இருந்தார்கள். யாராவது ஒருவர் தொடரைப் பார்த்திருந்தால்? அவர்கள் வேறு தொடர் பார்க்கும் தலைமுறை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆனால் ஒரு ஆபத்தைத் தேற்ற முடியவில்லை. அது ஸிபானின் சட்டைப்பையில் இருந்தது.

வருடந்தோறும் பவனி அம்பிட்டியச் சந்திக்கு இறங்கும்போது ஸிபான் கடைக்கு முன்னால் மேசை போட்டு எல்லாருக்கும் சர்பத் கொடுப்பார். அவருடைய வாப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம். சுரூப வண்டி அங்கே நிற்கும். முதல் தம்ளர் பாதருக்கு. இந்த முறை முதல் தம்ளர் ஆயருக்கு. ஸிபானின் போனோ கால்மணிக்கு ஒருதரம் அடிக்கும். போன் திருத்தியாச்சா என்று கேட்க ஊரே அவருக்குப் போன் எடுக்கும். ஆயர் சர்பத்தை வாயில் வைக்கிறார், போன் அடிக்கிறது, தோட்டத்து மக்களின் பழைய கீதம் சட்டைப்பைக்குள்ளிருந்து ஒலிக்கிறது. இதற்கு மேல் கிளறன்ஸால் கற்பனை செய்ய முடியவில்லை. கற்பனையின் முடிவில் எப்போதும் ஒரு பென் டிரைவ் அவருடைய கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

திருநாளுக்கு முன்தினம் கடைக்குப் போனார். ஸிபான் றம்லத் ராத்தாவின் போனைப் பிரித்துப் போட்டிருந்தார். ராத்தா எதிரே உட்கார்ந்து தன் போனின் குடலைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். கிளறன்ஸ் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். ஸிபானின் கையிலிருந்த சின்னத் திருப்புளி மேசையில் விழுந்தது.

"கோயில்லயா? நிகரனயா?"

"மெல்லப் பேசு மச்சான்."

"அல்லாஹ்! ஆயிரம் பேர்ட்ட சாபம் வாங்கினவனுக்கு நீங்க பூப்போட்டுப் பவனியா?"

"அந்த ரிங் டோன மட்டும் மாத்திரு. நாளைக்கு ஒரு நாளைக்கு. இல்லாட்டி என் கதிரை போச்சு."

ஸிபான் கதிரையைச் சாய்த்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். சமாதானப் பேச்சுக்கு வந்த எதிரித் தூதனை வரவேற்கும் முகம்.

"மாத்துறேன். ஒரு சொல்லுச் செல்லு, மாத்துறேன்."

"என்ன சொல்லு?"

"நிகரன் துரோகி. வாயத் தொறந்து செல்லணும்."

"இது வெளையாட்டில்ல மச்சான்."

"எனக்கும் வெளையாட்டில்ல. எத்தின வருஷமா ஒன்னோட கத்துறேன்? வாப்பாட சொத்து வழக்குக்குக் கூட நான் இப்பிடிக் கத்தல்ல."

கிளறன்ஸ் கண்ணாடி அலுமாரியில் வரிசையாகக் கிடந்த போன் உறைகளைப் பார்த்தார். சும்மா ஒரு சொல். ஆள் இல்லாத ஆள். யாரும் சாகப் போவதில்லை. இருந்தும் நாக்கு அசையவில்லை. கதவடியில் யாழை மடியில் வைத்துக்கொண்டு நிகரனும் இப்படித்தான் முதல் நரம்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்திருப்பான் என்று தோன்றியது. அவன் பிள்ளைகளுக்காகத் தொட்டான். தான் எதற்காக? ஒரு கால் ஆடும் கதிரைக்காக.

இத்தனை நேரமும் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்த றம்லத் ராத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆரு தம்பி அந்த நிகரன்? ஒங்கட ஆளா?"

"இல்ல ராத்தா" என்று கிளறன்ஸ் சட்டென்று சொன்னார். "எனக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவன் ஒரு துரோகி."

"அப்ப அந்த நாசமாப் போனவனுக்காக என்ட போனத் தொறந்து போட்டுட்டு ஏன் பேசுறீங்க? மூடித் தாங்க!"

ஸிபான் வெற்றியில் சிரிக்கவில்லை. வெல்ல வேண்டும் என்று இத்தனை வருடம் ஆசைப்பட்டவருக்கு, வென்ற பிறகு ஏதோ பழுதாகிவிட்டதுபோல இருந்தது. வாக்கு வாக்குத்தான் என்பதால் அப்போதே புதிய மணி தேடத் தொடங்கினார். மணியோசை வேண்டாம், பௌத்தர்களின் பன்சலையை நினைப்பார்கள். மேளம் வேண்டாம், அவர்களுடைய பெரஹரா ஊர்வலம் என்பார்கள். பாங்கு, ஆயருக்கு முன்னால் மரியாதையில்லை. சினிமாப் பாட்டு அதைவிட மோசம். நெடுநேரம் தேடிய பின், எந்த மதத்துக்கும் சொந்தமில்லாத, எவர் மனதையும் நோகடிக்காத ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்துப் போட்டார். அது என்ன என்று கிளறன்ஸ் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் அவர் இல்லை.

திருநாளன்று தூறல். முன்னால் பூவண்டியில் இராயப்பர். பின்னால் ஒரு சின்ன லொறியில் வாத்தியமும் கிளறன்ஸும். அதன் பின்னால் பாடகர் குழு. ஆயர் வடக்கிலிருந்து வந்திருந்த, ஓய்வுபெற்ற, மெலிந்த மனிதர். குடையை மறுத்துவிட்டு நடந்தார். மலை இறக்கம் முழுவதும் திறவாத கதவெல்லாம் திறந்து தரச் சொல்லிப் பாடினார்கள். வாசலில் நின்ற சிங்கள வீட்டுக்காரர்கள்கூட மெட்டில் மயங்கிப் பார்த்தார்கள்.  சந்தியின் திருப்பத்தில் ஸிபானின் வெள்ளைத் தொப்பி தெரிந்தபோது ஒரு சுரம் தவறியது. டொரதி டீச்சர் ஒலிவாங்கியைக் கீழே இறக்கி ஒருதரம் பார்த்தார்.

வண்டிகள் நின்றன. இஸ்திரி போட்ட சட்டையில் ஸிபான் முதல் தம்ளரை இரண்டு கையாலும் நீட்டினார். ஆயர் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, லொறியடிக்கு நடந்து வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஆர் தம்பி இந்த மெட்டுப் போட்டது?"

பாதர் றொமேஷ் முந்திக்கொண்டார். "தோட்டத்துப் பழைய கீதம், ஆண்டகை."

"அது தெரியும், சொன்னீங்கள். நான் ஆளைத்தான் கேக்கிறன். இப்பிடி ஒரு மெட்டைச் சும்மா ஊர் சேர்ந்து போடேலாது. ஏதோ ஒருத்தன் உடைஞ்சுபோய்ப் போட்டிருக்கிறான். ஆர் அவன்?"

டொரதி டீச்சர் பார்த்தார். பாதர் பார்த்தார். தம்ளர்களுக்குப் பின்னால் நின்ற ஸிபான் தரையைப் பார்த்தார்.

"தெரியாது ஆண்டகை" என்றார் கிளறன்ஸ்.

கொக்கரக்கோ!

ஸிபானின் சட்டைப்பையிலிருந்து, சந்தி இரைச்சலிலும் கேட்கவேண்டும் என்று வைத்திருந்த முழுச் சத்தத்தில், சேவல் கூவியது. ஸிபான் பையை அமுக்கினார். சேவல் மூச்சு வாங்கி மறுபடியும் கூவியது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆயரும் சிரித்தார். "ஓகோ, சேவலையும் ஆயத்தப்படுத்திப்போட்டியளோ? நல்ல ஏற்பாடு, பாதர்."

"ஆமாங்க ஆண்டகை" என்று, ஒன்றும் ஏற்பாடு செய்யாத பாதர் றொமேஷ் பணிவோடு ஏற்றுக்கொண்டார்.

சிரிக்காதவர் ஒருவர்தான். சிறு வயதிலிருந்து பெரிய வெள்ளி தோறும் அந்தச் சேவலைக் கேட்டு வளர்ந்தவர். டீச்சரிடம் ஒருதரம், றம்லத் ராத்தாவிடம் ஒருதரம், இப்போது ஒருதரம். நிமிர்ந்தார். முன்னால் பூவண்டியில் மழையில் நனைந்த மாலை ஒரு பக்கம் சரிந்து, அலகு உடைந்த சேவல் நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிளறன்ஸின் முகம் நனைந்தது. தூறல் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"நிகரன்" என்றார்.

"என்ன தம்பி?"

"நிகரனோட மெட்டு, ஆண்டகை. தெரியாதுனு சொன்னது பொய். தெல்தோட்டைன்னு சொன்னதும் பொய்." கதிரையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், அதுதான் கடைசித் தடவை என்பதுபோல. "அவரு வாசிக்கிறவரு. சண்டைக்காரரும்தான். புள்ளைங்களக் காப்பாத்தப் போயி, சிநேகிதங்களத் தூங்க வெச்சுக் காட்டிக் குடுத்தவரு. இது அந்தத் தூங்க வெச்ச மெட்டு."

பாதர் றொமேஷின் சிரிப்பு முகத்திலேயே கிடந்தது, எடுக்க மறந்துவிட்டார். டொரதி டீச்சரின் கை கழுத்து நாடாவுக்குப் போனது. ஸிபான் போனைக் கழற்றிப் பேட்டரியையே வெளியே எடுத்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஆயர் தம்ளரைப் பார்த்தபடி கேட்டார். "ஆள் இப்ப உயிரோடையோ?"

"தெரியல ஆண்டகை. கடைசியாப் பாத்தப்ப மலையேறிப் போய்க்கிட்டிருந்தாரு."

"மனம் வருந்தினவரோ?"

"வருஷா வருஷம் அந்தக் கல்லறைங்களுக்கு முன்னால போயி, இதே மெட்ட வாசிப்பாரு."

ஆயர் மிச்சச் சர்பத்தையும் குடித்து முடித்தார். அவசரப்படவில்லை. தம்ளரை ஸிபானிடம் கொடுத்துவிட்டு, பூவண்டியின் பக்கம் நாடியால் காட்டினார்.

"முன்னால போறவரும் சுத்தமான ஆள் இல்லைத் தம்பி. வாசியும். மழை பெருக்கப் போகுது."

பவனி நகர்ந்தது. ஆயர் தப்பவிட்டார், ஆனால் ஆயர் மறுநாள் வடக்கே போய்விடுவார். கோயிலில் இருக்கப்போவது டொரதி டீச்சர். மேட்டில் திரும்பி ஏறும் வழி முழுவதும் அவர் பாடினார். கோயில் வாசலில், "நிகரன்தானே பேரு?" என்று கேட்டுப் போனில் தட்டிக்கொண்டார். அந்த வாரம் பாட்டுப் பயிற்சிக்கு வரவில்லை. டீச்சர் பயிற்சிக்கு வராத வாரம் என்று ஒன்று பங்கின் ஞாபகத்தில் இல்லை. கிளறன்ஸ், பெயின்ட் கடையில் முதலாளி லோரன்ஸ் என்று கூப்பிட்டபோது பழையபடி உடனே திரும்பிப் பார்த்தார். இனி முழுநேரமும் இதுதான் என்று பட்டது.

சனிக்கிழமை பின்னேரம் ஸிபானின் கடையில் உட்கார்ந்திருந்தார்.

"ராத்தாட முன்னுக்கு நீ செல்லிட்டே. துரோகியண்டு" என்றார் ஸிபான். "அது செல்லினது செல்லினதுதான்."

"ஆண்டகைக்கு முன்னால திருப்பிச் சொல்லிட்டேன். அது ரத்து."

"ரத்தாக்க ஏலா. சாட்சி ஈக்கு."

"போர்வைய மடிச்சு வெச்சானா இல்லியா?"

"அந்தப் போர்வைய விடவே மாட்டியாடா நீ?"

அப்போது வாசலில் டொரதி டீச்சர் வந்து நின்றார். கண் இரண்டும் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தன. ஒரு கையில் போன். கழுத்தில் நாடா. கிளறன்ஸ் தன்னை அறியாமல் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கிளறன்ஸ், ஒரு கேள்வி."

"கேளுங்க டீச்சர்." தீர்ப்பு வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

"தொடக்கத்துல ஒரு நாய் வருதே. கொரைச்சுக்கிட்டே இருக்குமே?"

கிளறன்ஸ்தான் முதலில் சுதாரித்தார்.

"வரும் டீச்சர். சிரிப்புக்காகப் போட்டது."

"என்ன சிரிப்பு? அந்த நாயையும் இதே மெட்ட வாசிச்சுத்தான் தூங்க வெக்கிறாரு. பெறகு அதே மெட்டக் கடைசியிலருந்து முன்னுக்கு வாசிச்சு எழுப்பி விடுறாரு. பாத்தீங்களா இல்லியா?"

"பாத்தோம்" என்றார் ஸிபான், வகுப்பில் எழும்பி நிற்கும் குரலில்.

"அப்ப ஆளுக்கு எழுப்பத் தெரியும். புள்ளைங்க வெளிய போனதுக்கும் படை உள்ள வந்ததுக்கும் நடுவுல நல்லா நேரம் இருந்திச்சு. நாயை எழுப்பினவரு, அந்தப் பயலுகள ஏன் எழுப்பல?"

தெருவில் ஒரு பஸ் முக்கிக்கொண்டு மேடு ஏறிப் போனது. இத்தனை வருட வாதத்தில் போர்வை இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், சொல்லியிருக்க வேண்டிய ஒரு சொல் இருந்தது. நாய் இருக்கவில்லை.   கிளறன்ஸ் எழும்பித் தன் கதிரையைத் தூக்கி டீச்சருக்கு வைத்தார்.

டீச்சர் உட்கார்ந்தார். கழுத்திலிருந்து நாடாவைக் கழற்றி, மாதா பதக்கத்தைத் தனியே எடுத்துக்கொண்டு, பென் டிரைவை மேசையில் ஸிபானுக்கு முன்னால் வைத்தார்.

"என் போன்ல பாதிதான் கெடச்சுது. மிச்சத்த இதுல ஏத்தித் தாங்க தம்பி."

ஸிபான் அதைக் கணினியில் செருகிப் பார்த்தார்.

"எடமில்ல டீச்சர். முழுக்கக் கோயில் பாட்டா ஈக்கு."

டொரதி டீச்சர் கிளறன்ஸைப் பார்த்தார். அவர் நின்றுகொண்டிருந்தார், கை இரண்டும் செபிக்கப் போவதுபோல முன்னால் கோத்திருந்தன.

"அழிங்க" என்றார் டீச்சர்.